நூற்றுக்கு ஐவர்

எம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே எம்மிடம் எதிர்பார்த்தனர் போலும். தமிழாசிரியன் வேறெதனைத் தருவான் என அவர்கள் எண்ணியதிற் பிழையில்லை. யாமும் சங்கப் பாடல்களின் உவமை நயம் பற்றி எழுதவே ஏட்டை விரித்தோம். ஆயின் எழுதுகோல் அப்பக்கம் செல்ல மறுத்தது. சில ஆண்டுகளாக எம் நெஞ்சை நிறைத்து நிற்பது வேறொரு பொருள். அஃது ஒரு கணக்கு. அக்கணக்கைப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய முதற்பாடத்தை இக்கல்லூரியின் வகுப்பறையிலேயே கற்றோமாதலின், அதனை இம்மலரில் எழுதுவது பொருத்தமேயெனத் துணிந்தோம்.

எம் தமையனாரும் இக்கல்லூரியிற் படித்தவரே. எமக்குப் பன்னீராண்டு மூத்தவர். தந்தையார் இறந்தபோது க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி மண்வெட்டியைக் கையில் எடுத்தார். அவர் வெங்காயமும் புகையிலையும் விளைவித்து விற்ற பணத்திலேயே யாம் இங்கு உயர்தரம் வரை படித்தோம். பின்னர் ஆசிரியர் கலாசாலை சென்று பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்தோம். கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் யாம் தமிழ்ப் பாடத்துக்குப் பரிசு பெற்ற அன்று, தோட்டத்திலிருந்து நேரே வந்து, மண்டபத்தின் பின்வாயிலில் நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர் இறைக்கத் திரும்பிய அவருருவம் இன்றும் கண்முன் நிற்கின்றது. அண்ணர் என்றே யாம் அவரைச் சொல்வது வழக்கம். இக்கட்டுரையிலும் அவ்வாறே சுட்டுவோம்.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதம். அண்ணருக்கு அப்போது 58 வயது. பத்தாண்டுக்கு மேலாக நீரிழிவு உடையவர். மதுவை ஒருநாளும் தொட்டறியார். மாலையில் ஒரு சுருட்டு, அஃதொன்றே அவருடைய பழக்கம். மாதாந்தக் கிளினிக்குக்குச் சென்றபோது, வலது விலாவின் கீழ் ஒரு பாரம் இருப்பதாகச் சொன்னார். ஸ்கான் செய்து பார்த்தனர். ஈரலின் வலப்புறத்துப் பின்பகுதியில் 6 சென்ரிமீற்றர் அளவான கட்டியொன்று காணப்பட்டது. பின்னர்ச் செய்த சீ.ரீ. ஸ்கான் அது புற்றுநோயே என உறுதிப்படுத்தியது. வேறிடத்திற்குப் பரவவில்லை என்பதொன்றே ஆறுதல்.

கட்டியை வெட்டியெடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்றே யாம் முதலில் எண்ணினோம். ஈரற் புற்றுநோய் அவ்வளவு எளியதன்று. இந்நோய் பெரும்பாலும் முன்னரே பழுதுற்ற ஈரலிலேயே தோன்றுகின்றது. ஆண்டாண்டாகப் புண்பட்டு, ஆறி, வடுவாகி இறுகிய நிலையைச் சிரோசிஸ் என்பர். உலகின் பல பாகங்களில் ஹெப்பற்றைற்றிஸ் பி, சி என்னும் வைரசுகள் அதற்குக் காரணமாகின்றன. இலங்கையிலோ அவ்வைரசுகளாற் புற்றுநோய்க்கு ஆளாவோர் சிலரே. மதுவும், நீரிழிவும், ஈரலிற் படியும் கொழுப்புமே இங்கு முதன்மை பெறுகின்றன. மதுவைத் தொடாத அண்ணரின் ஈரலும் இவ்வாறே சத்தமின்றி இறுகியிருந்தது.

நலமுள்ள ஈரல் வியத்தகு உறுப்பு. அதில் முக்காற் பங்கை வெட்டியெடுப்பினும் எஞ்சிய காற்பங்கு உடலைத் தாங்கும். சில மாதங்களுள் வளர்ந்து பழைய பருமனை அணுகும். இறுகிய ஈரலுக்கு அவ்வாற்றல் குன்றிவிடும். பாதியாவது, குறைந்தது நூற்றுக்கு நாற்பது பங்காவது எஞ்சவேண்டும் என்பது நிபுணர் கொள்கை. அதனினும் குறைந்தால், புற்றுநோய் போயும் ஆள் பிழைப்பதரிது. ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர் முன் நிற்கும் வினா, கட்டியை எடுக்க முடியுமா என்பதோடு நில்லாது, எடுத்தபின் எஞ்சுவதைக் கொண்டு இம்மனிதர் வாழ்வாரா என்பதாக விரிகின்றது. கத்தியைத் தொடுமுன் இதற்கு விடை காணவேண்டும்.

தலைநகரில் ஒரு வைத்தியசாலைக்கு அண்ணரை அழைத்துச் சென்றோம். அங்குள்ள நிபுணர் சிங்களவர்; இன்சொல்லர்; தமிழ் சிறிதே அறிந்தவர். எம்மோடு ஆங்கிலத்தில் உரையாடினார். கட்டி 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாயின் ஊசி செலுத்தி வெப்பத்தாற் கருக்கிவிடலாம். 6 சென்ரிமீற்றருக்கு அது போதாது. ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு 1996இல் இத்தாலியின் மிலான் நகரில் வகுத்த வரம்பு, ஒற்றைக் கட்டியாயின் 5 சென்ரிமீற்றர். அண்ணருடையது அதனையும் தாண்டிவிட்டது. எஞ்சிய வழி வெட்டியெடுத்தலே என்றார். பின்னர் வலக்கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டி, "இவருடைய நிலையில் உள்ள நூறு பேருக்கு யான் இதனைச் செய்தால், ஏறத்தாழ ஐவர் வீடு திரும்பமாட்டார். இதனை உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

அண்ணர் எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்பட ஒன்றுமில்லை என்கிறார், அண்ணை" என்று சொன்னோம்.

இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்து வருகின்றோம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாகாது, உள்ளதை விடலாகாது எனக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த கை எம்முடையது. அன்று எம் வாழ்நாளின் மிக முக்கியமான மொழிபெயர்ப்பிற் பொய் சொன்னோம். அன்பினாற் சொன்னோம் என அப்போது எம்மை யாமே தேற்றிக்கொண்டோம். உண்மையில் அச்சத்தினாலேயே சொன்னோம். அவ்வெண்ணை எம் வாயாற் சொல்லும் துணிவு எமக்கு இல்லை.

அன்றிரவு யாம் தங்கிய அறையிற் படுத்திருக்கும்போது அண்ணர் பேசினார். "தம்பி, அந்த வைத்தியர் ஐந்து விரலைக் காட்டினாரே, அது என்ன கணக்கு?"

யாம் வாளாவிருந்தோம்.

"நூறு புகையிலைக் கன்று நட்டால் ஐந்து பட்டுப்போகும். இது தெரியாதவனோ நான்? ஐந்தோ, ஐம்பதோ?"

"ஐந்துதான், அண்ணை" என்றோம். எம் குரல் எமக்கே கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார்: "ஐந்தை நாலாக்குவதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டோ என்று கேட்டாயோ?"

யாம் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எமக்குத் தோன்றவேயில்லை. அவ்வெண்ணை யாம் ஒரு தீர்ப்பாகக் கொண்டோம். கிரக பலன் கேட்டவன்போலத் தலைகுனிந்து வெளியேறினோம். தோட்டக்காரராகிய அண்ணரோ அதனை வானிலை அறிவிப்பாகக் கொண்டார். மழை வருமெனக் கேட்டால் அழுதுகொண்டிருப்பவன் தோட்டக்காரனல்லன். வாய்க்காலை வெட்டிவிடுபவனே தோட்டக்காரன்.

மறுநாட் காலை மீண்டும் நிபுணரிடம் சென்றோம். நேற்று யாம் பிழையாக மொழிபெயர்த்தோம் என்பதை மறைக்காது சொன்னோம். அவர் சினக்கவில்லை. பலரும் அவ்வாறே செய்கின்றனர் என்றார். பின்னர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவ்வைந்து எங்கிருந்து வந்தது என்பதை எழுதிக் காட்டினார். அவர் சொன்னவற்றோடு பின்னர் யாம் வாசித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சுருங்கக் கூறுவோம்.

ஈரலை வெட்டும் கலை ஒருகாலத்தில் அச்சந் தருவதாயிருந்தது. 1970களில் ஐக்கிய அமெரிக்காவிற் தொகுத்த கணக்கின்படி, ஈரலின் பெரும்பகுதியை வெட்டப்பெற்றவருள் ஐவருக்கொருவர் இறந்தனர். குருதிப் பெருக்கே முதற்பகை. ஈரலுக்குட் குருதிக் குழாய்கள் செல்லும் வழியை ஆராய்ந்து, அதனை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து 1957இல் நூல் எழுதினார் பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் குய்னோ. அப்பகுப்பு வந்தபின், எல்லையறிந்து வெட்டுதல் இயல்வதாயிற்று. ஆயினும் எவ்வளவு வெட்டலாம் என்பதற்குக் கூற்றறிவு மட்டும் விடை தராது. எஞ்சும் ஈரலின் வலிமையை அளக்க ஒரு கோல் வேண்டியிருந்தது.

1964இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சைல்ட், ரேர்கொட் என்னும் இருவர், ஈரல் நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன் அவரை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். 1973இல் இலண்டனைச் சேர்ந்த பியூவும் அவர்தம் துணைவரும் அதனைத் திருத்தி எண்முறையாக்கினர். குருதியில் உள்ள பிலிரூபின் என்னும் மஞ்சட் பொருள், ஈரல் ஆக்கும் அல்புமின் என்னும் புரதம், குருதி உறைய எடுக்கும் நேரம், வயிற்றில் நீர் கோத்தல், அறிவு மயக்கம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளி இடுவர். கூட்டினால் 5 முதல் 15 வரை வரும். 5, 6 ஆயின் முதல் வகுப்பு. 7 முதல் 9 வரை இரண்டாம் வகுப்பு. 10உம் அதன் மேலும் மூன்றாம் வகுப்பு. பெரிய வெட்டுக்கு முதல் வகுப்பினரே பொதுவில் ஏற்றவர். அண்ணருக்குப் பிலிரூபின் 0.9, வயிற்றில் நீரில்லை, ஆனால் அல்புமின் 3.5இற்குச் சற்றுக் குறைந்து 3.4ஆக இருந்தமையால் ஒரு புள்ளி கூடி, ஆறு பெற்றார். பரீட்சையிற் புள்ளி கூடினால் மகிழ்ந்த வீட்டார் யாம், இங்கே ஒரு புள்ளி கூடியதற்கு வருந்தினோம்.

2000ஆம் ஆண்டில் மேயோ கிளினிக்கினர் பிலிரூபின், கிரியேற்றினின், குருதி உறையும் அளவு ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டு மெல்ட் என்னும் எண்ணை உண்டாக்கினர். 2002 தொடக்கம் அமெரிக்காவில் மாற்றீரலுக்குக் காத்திருப்போரின் வரிசை அதனைக் கொண்டே வகுக்கப்பட்டது. 2015இல் வந்த அல்பி என்னும் அளவு, அல்புமின், பிலிரூபின் என்னும் இரண்டோடு அமைந்தது. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையும் ஒரு சாட்சி. ஈரல் இறுகினால் அதற்குட் புகவேண்டிய குருதி தடைப்பட்டு மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் சிறுதட்டுகளைத் தேக்கிக்கொள்ளும். ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாதிருக்க வேண்டிய அவ்வெண்ணிக்கை அண்ணருக்கு 1,25,000ஆக இருந்தது. நிபுணர் அதன் கீழ் ஒரு கோடிட்டார்.

இவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது யப்பானியர் முறை. டோக்கியோவில் மசதொஷி மக்குவுச்சி என்னும் நிபுணர், இந்தோசயனீன் கிறீன் என்ற பச்சைச் சாயத்தைக் குருதியிற் செலுத்தி, 15 நிமிடங்களின் பின் எவ்வளவு எஞ்சியுள்ளது எனப் பார்த்து வெட்டின் எல்லையை வகுத்தார். நல்ல ஈரல் சாயத்தை விரைந்து வாங்கிப் பித்தத்திற் கழித்துவிடும். வயிற்றில் நீரின்றி, பிலிரூபினும் இயல்பாயிருந்து, எஞ்சிய சாயம் நூற்றுக்குப் பத்திற் குறைவாயின் ஈரலின் மூன்றில் இரண்டு பங்கு வரை வெட்டலாம். 10 முதல் 19 வரையாயின் மூன்றிலொரு பங்கு. 20 முதல் 29 வரையாயின் ஆறிலொரு பங்கு. அதற்கு மேற்பட்டாற் கட்டியைச் சுற்றிச் சிறிதளவே. இவ்விதி வழுவாது நடந்த டோக்கியோக் குழுவினர், எட்டு ஆண்டுகளிற் செய்த 1056 ஈரல் வெட்டுகளில் ஓர் உயிரும் போகவில்லை என 2003இல் அறிவித்தனர். ஐவருக்கொருவர் என்ற காலம் எங்கே, ஆயிரத்தில் ஒருவருமில்லை என்ற காலம் எங்கே! கை நுட்பம் வளர்ந்தது உண்மை. குருதி இழப்புக் குறைந்தது உண்மை. எவரை, எவ்வளவு வெட்டலாகாது என்பதை முன்னறிந்ததும் அவற்றோடொத்த காரணம்.

இனி அண்ணரின் கணக்கு. ஈரலின் வலப்பாதி முழுவதையும் எடுத்தால் நோய் வேரோடு போகும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஸ்கான் படத்திற் பருமனை அளந்தபோது எஞ்சுவது நூற்றுக்கு 34 என வந்தது; நாற்பதுக்குக் குறைவு. அவ்வாறு செய்தால் இறப்பின் ஆபத்து நூற்றுக்குப் பத்தைத் தாண்டும் என்றார் நிபுணர். வலப்புறத்துப் பின்பகுதியாகிய ஆறாம், ஏழாம் கூறுகளை மட்டும் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாக எஞ்சும். அப்பொழுது ஆபத்து ஐந்து. ஐவர் என்னும் எண் இவ்வாறே பிறந்தது. நேற்று எமக்குக் கொடியதாய்த் தோன்றிய அவ்வெண், உண்மையில் ஒரு பெரிய எண்ணைச் சிறிதாக்கிய பின் வந்த எண் என்பதை அன்றே அறிந்தோம்.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. மாணவர்க்குப் பலமுறை கற்பித்திருக்கின்றோம். எடுத்த செயலின் பளு, தன்னுடைய ஆற்றல், பகைவனுடைய ஆற்றல், இரு பக்கத்துத் துணைவருடைய ஆற்றல் ஆகியவற்றைச் சீர்தூக்கி இறங்குக என்பது அதன் முதற் கருத்து. அரசர்க்குரிய பாடம் என்றே அதனை நடத்தி வந்தோம். நிபுணரின் வெள்ளைத் தாளிலும் அந்நான்குமே இருந்தன. செயலின் பளு, எத்தனை கூறு வெட்டுவது என்பது. தன்னாற்றல், ஈரலும் இருதயமும் மூச்சும் நடையும். பகையாற்றல், கட்டியின் அளவும் அது குருதிக் குழாயைத் தொடுவதும் தொடாமையும். துணையாற்றல், மயக்க மருந்து கொடுப்பவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, குருதி வங்கி, வீட்டார். இவற்றுட் பகையின் ஆற்றலை யாம் மாற்றமுடியாது. தன்னாற்றலைச் சிறிது மாற்றலாம். அதற்கு ஐந்து வாரம் கிடைக்கும் என்றார் நிபுணர். சத்திரசிகிச்சைக்கு முறை வர அவ்வளவு நாளாகும். அதனை வீணே கழிக்கவேண்டா என்றார்.

செய்யவேண்டியவற்றை யாம் ஒன்றுவிடாது மொழிபெயர்த்தோம். சுருட்டை அன்றே விடுதல். நீரிழிவைக் கட்டுக்குட் கொணர்தல். முட்டை, மீன், பயறு முதலிய புரத உணவைக் கூட்டுதல். நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பழகுதல். நாள்தோறும் நடத்தல், இரண்டு மாடிப்படி ஏறினால் இளைக்காத நிலைக்கு வருதல்.

ஊர் திரும்பினோம். அண்ணர் நடப்பதற்குத் தெரிந்துகொண்ட இடம் இக்கல்லூரி மைதானம். மாணவர் விளையாடிக் கலைந்தபின், பொழுது சாயும் வேளையில் வருவார். மடியிற் புளியங்கொட்டைகள் இருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டையை மதிலின்மேல் வைப்பார். முதல் நாள் இரண்டு கொட்டையோடு இருந்துவிட்டார். இரண்டாம் வாரம் ஐந்து. சுருட்டை விட்ட எரிச்சலில் வீட்டில் எல்லாரோடும் சினந்துகொள்வார். மைதானத்துக்கு வந்தால் அடங்கிவிடுவார். ஐந்தாம் வாரம் பன்னிரண்டு கொட்டைகள் மதிலின்மேல் வரிசையாய் இருந்தன. "இப்போது எத்தனை பேர் தம்பி, நூற்றிலே?" என்று ஒருநாட் கேட்டார். எமக்கு விடை தெரியாது. ஒரு சுற்றுக்கு எத்தனை பங்கு ஆபத்துக் குறையும் எனச் சொல்லும் சூத்திரம் எவரிடமும் இல்லை. "குறைந்திருக்கும், அண்ணை" என்றோம். இம்முறை அது பொய்யன்று.

இங்கே எம் கணித ஆசிரியரை நினைவுகூர்தல் கடன். சராசரி என்னும் பாடத்தை அவர் தொடங்கிய வகையை அக்கால மாணவர் எவரும் மறந்திரார். ஆற்றைக் கடக்கவந்த கணக்கப்பிள்ளை ஒருவன், பல இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி இடுப்பளவே எனக் கணித்துக் குடும்பத்தோடு இறங்கி மூழ்கிய பழங்கதையை அவர் நடித்தே காட்டுவார். வகுப்புச் சிரித்து ஓய்ந்ததும், "கணக்குப் பிழையில்லையடா, கணக்கு எதற்கு விடை சொல்லும் என்று அறியாததே பிழை" என்பார். நூறு பேருக்கு ஐவர் என்பது நூறு பேரைப் பற்றிய உண்மை. நூறு பேரிடம் அவ்வாறு சொல்லி ஐவரே இறப்பின் அவ்வெண் நேர்மையானது. அவ்வைவர் யார் என்பதை அது சொல்லாது. சொல்வதாக அது பாசாங்கு செய்வதுமில்லை. மேலும், ஓரூரில் வெட்டிய அளவுகோல் வேற்றூருக்கு முற்றும் பொருந்தாது. வைரசினால் இறுகிய ஈரல்களைக் கண்டு வகுத்த கோல், கொழுப்பினாலும் நீரிழிவினாலும் இறுகிய எம்மவர் ஈரலைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ மதிப்பிடக்கூடும். அதனால் அந்தந்த நாட்டினர் தத்தம் நோயாளரின் பதிவுகளைக் கொண்டு கோலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்று கணினி இயந்திரங்களைக் கொண்டு இவ்வெண்களைக் கணிக்கின்றனர். கருவி எதுவாயினும் கணித ஆசிரியரின் எச்சரிக்கை அதற்கும் உரியது.

அவ்வெச்சரிக்கையின் பொருளை அந்த ஆனி மாதத்தில் வைத்தியசாலையிற் கண்ணாரக் கண்டோம். அண்ணரின் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அவரினும் பதினைந்து வயது இளையவர், மெலிந்து உறுதியான உடம்பினர், தென்னிலங்கையிலிருந்து வந்தவர். அவருக்கு ஈரல் இறுகவில்லை, கட்டியும் சிறிது. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் என்றே அவருக்குச் சொல்லியிருந்தனர். மனைவியார் கொணர்ந்த வாழைப்பழத்தில் அண்ணருக்கும் பங்கு கொடுப்பார். மொழி தெரியாத இருவரும் கைச்சாடையாற் பேசிச் சிரிப்பர். அண்ணருக்கு முந்திய நாள் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் இரவு நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்து அவர் இறந்தார். அவரை வெட்டிய நிபுணர், விறாந்தை வாங்கில் நெடுநேரம் தனியே அமர்ந்திருந்ததைக் கண்டோம். எவர்மீதும் குற்றமில்லை. எண்ணும் பொய்க்கவில்லை. நூற்றிலொருவர் என்றால் அந்த ஒருவருக்கும் ஒரு பெயரும், வாழைப்பழம் கொணரும் ஒரு மனைவியும் உண்டு.

அண்ணருக்குச் சத்திரசிகிச்சை ஐந்து மணித்தியாலம் நடந்தது. மூன்றாம் நாட் பிலிரூபின் 3.8ஆக உயர்ந்தது; வயிறும் சற்று வீங்கிற்று. பிரான்சின் கிளிஷி நகரத்துப் போஜோன் மருத்துவமனையினர் 2005இல் வெளியிட்ட விதியொன்றை யாம் வாசித்திருந்தோம். ஐந்தாம் நாளிற் பிலிரூபின் ஏறத்தாழ மூன்றுக்கு மேலும், குருதியை உறையச் செய்யும் புரோத்துரொம்பின் இயல்பிற் பாதிக்குக் கீழும் ஒருங்கே இருப்பின், அந்நோயாளருள் நூற்றுக்கு 59 பேர் இறந்தனர் என்பது அது. இவ்வறிவு எமக்கு அந்நாளில் உதவியதா, வதைத்ததா எனச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் நாட் காலை குருதியெடுத்துச் சென்றபின், பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்த மாணவன்போல் விறாந்தையில் நின்றோம். பக்கத்துக் கட்டில் வெறுமையாய் விரித்திருந்தது. பத்தரை மணிக்குத் தாதியார் வந்து தாளைக் காட்டினார். பிலிரூபின் 2.1. புரோத்துரொம்பின் நூற்றுக்கு 64. யாம் அங்கேயே அமர்ந்துவிட்டோம்.

பதினான்காம் நாள் அண்ணர் வீடு திரும்பினார். கதை இவ்வளவில் முடிந்தது எனக் கூறல் உண்மையாகாது. இறுகிய ஈரலில் இப்புற்றுநோய் மீண்டும் தோன்றல் பெருவழக்கு. ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு எழுபது பேர் வரை அவ்வாறு காண்பர். ஆகவே காலந்தவறாது ஸ்கான் செய்து வருகின்றனர். ஒவ்வொரு முறையும் நிபுணர் ஓர் எண் சொல்வார். யாம் அதனைக் கூட்டாது குறையாது அண்ணருக்குச் சொல்வோம். அவர் கேட்டுத் தலையசைப்பார். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பார்.

இம்மலரை வாசிக்கும் அன்பர்களுட் பலர் எம் வயதினர், அல்லது மூத்தோர். பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ அழைத்துக்கொண்டு ஒரு நிபுணர் முன் அமரும் நாள் எவருக்கும் வரலாம். அந்நாளிற் கேட்கவேண்டியவை நான்கெனக் கண்டோம். எண் எத்தனை? எதை எதைக் கொண்டு அது கணிக்கப்பட்டது? சிறிய வெட்டு, பெரிய வெட்டு, வெட்டாதிருத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது எவ்வாறு மாறும்? அதனைக் குறைக்க யாம் இன்றே தொடங்கக்கூடியது யாது? இவற்றைக் கேட்டபின், விடையை நோயாளிக்கு உள்ளவாறே சொல்லுக. உயிர் அவருடையது, கணக்கும் அவருடையதே. நீரிழிவுடையோர் ஈரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. ஈரல் இறுகியதென அறிந்தோர் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் செய்துகொண்டால், கட்டி சிறிதாயிருக்கும்போதே கைப்படும். அண்ணருக்கு அவ்வாறு ஒருவரும் சொல்லவில்லை, யாமும் அறிந்திலோம்.

தமிழைக் கற்பித்து வயிறு வளர்க்கும் யாம், ஒரு வாக்கியத்தை உள்ளவாறு பெயர்க்கக் கற்றுக்கொண்டது சாதாரண தரத்தோடு நின்ற ஒரு தோட்டக்காரரிடம். அவருக்கு எண்ணைக் கண்டு அஞ்சாதிருக்கக் கற்பித்தது இக்கல்லூரி. எமக்குக் கற்பித்ததும் இதுவே. யாம் மறந்தோம், அவர் மறக்கவில்லை.

இதனை எழுதி முடிக்கும் இம்மாலையும் அண்ணர் மைதானத்தில் நடந்துகொண்டிருக்கின்றார். மதிலின்மேல் ஏழு புளியங்கொட்டைகள் இருக்கின்றன. எட்டாவது அவர் மடியில்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.